மிகாவேல் சகோதரத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் சீர்திருத்தத் திருச்சபைகளுக்குள் 1931 முதல் இயங்கிவரும் ஒரு சிறு ஜெப சமூகம் ‘எவாங்கெலிஷே மிகாயெல்ஸ்ப்ரூடர்ஷாஃப்ட்’. இங்கே அதை மிகாவேல் சகோதரத்துவம் என்றே அழைக்கிறோம். அது தோன்றிய விதம், அதன் அன்றாட ஒழுங்கு, அதைப் பற்றி எழும் சந்தேகங்கள் ஆகியவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

இது மடமா, சங்கமா, தனிச் சபையா?

மூன்றும் இல்லை. உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள், அவரவர் தொழிலைச் செய்கிறார்கள், அவரவர் ஊர்ச் சபையிலேயே அங்கத்தினராக இருக்கிறார்கள். குருமாரும் உண்டு, பொதுநிலையினரும் உண்டு. எழுதப்பட்ட ஓர் ஒழுங்கை ஏற்று, அதன்படி ஜெபித்து வாழ ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இவர்களைச் சேர்த்துக் கட்டுவது. ஞானஸ்நானம் கொடுப்பது, திருமணம் நடத்துவது, சந்தா வாங்குவது போன்ற சபைப் பணிகள் எதையும் இது தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

இது எப்படித் தொடங்கியது?

1918 நவம்பரில் ஜெர்மனியின் அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக முடி துறந்தார்கள். நாட்டு அரசியலில் மட்டும் அது மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. சீர்திருத்தக் காலம் தொட்டு அந்தந்தப் பகுதியின் அரசரே அங்குள்ள திருச்சபைக்கும் தலைவராக இருந்துவந்தார். அரசர் போனதும் திருச்சபைக்குத் தலை இல்லாமல் போயிற்று. 1919-இல் வந்த வைமார் அரசியல் சட்டம் அரசுத் திருச்சபை என்பதே கிடையாது என்று எழுதிவிட்டது. இனி திருச்சபை எதன் மேல் நிற்கும் என்ற கேள்வி ஒவ்வொரு குருமனையிலும் எழுந்தது.

அதே காலத்தில் ஜெர்மன் இளைஞர் இயக்கம் வலுவாக இருந்தது. நகரத்தை விட்டு நடைப்பயணம் போவது, பழைய பாடல்களைத் தேடிப் பாடுவது, சேர்ந்து வாழ்ந்து பார்ப்பது என்று இளைஞர்கள் கிளம்பியிருந்தார்கள். கிறிஸ்தவ இளைஞர் குழுக்களை வழிநடத்திய சில குருமார் ஒன்றைக் கவனித்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தேவனைப் பற்றிய ஏக்கம் இருக்கிறது, ஆனால் ஞாயிறு ஆராதனையில் அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்து ஒரு நீண்ட பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் மௌனத்துக்கும் அங்கே இடமில்லை.

இப்படிச் சிந்தித்தவர்கள் 1923 முதல் சில ஆண்டுகள் பெர்நாய்ஹன் என்ற பண்ணையில் கூடினார்கள். அப்போதைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியான நோய்மார்க்கில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் பார்னூஃப்கோ என்ற பெயரில் இருக்கிறது. வில்ஹெல்ம் ஸ்டேலின் (1883–1975), கார்ல் பெர்ன்ஹார்ட் ரிட்டர் (1890–1968), ஹாம்பர்க் போதகர் லுட்விக் ஹைட்மன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். பின்னாளில் பெயர்பெற்ற இறையியலாளர் பவுல் டில்லிச்சும் அந்த வட்டத்தில் இருந்தார். தங்கள் கருத்துகளை 1926-இல் ‘பெர்நாய்ஹன் நூல்’ என்று வெளியிட்டார்கள். சீர்திருத்தத் திருச்சபைகளிடம் சுவிசேஷம் எதைக் கேட்கிறது என்பதே அதன் பொருள். இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்களை இன்றும் பெர்நாய்ஹனர் என்பார்கள்.

நூல் எழுதியவர்கள் ஏன் சகோதரத்துவமாக மாறினார்கள்?

நூல் விற்றது, விவாதம் நடந்தது, திருச்சபை அப்படியே இருந்தது. மற்றவர்களுக்கு யோசனை சொல்வதால் எதுவும் கட்டப்படாது, சொல்பவன் முதலில் அந்த வாழ்வுக்குள் நுழைய வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1931 அக்டோபர் 1 அன்று மார்பர்க் நகரின் பல்கலைக்கழக ஆலயத்தில் உள்ள சிலுவைச் சிற்றாலயத்தில் 22 பேர் கூடி ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். நாமே திருச்சபையாக இருந்தால்தான் திருச்சபையைக் கட்ட முடியும் என்பது அந்தப் பத்திரத்தின் உயிரான வரி. சகோதரத்துவத்தின் பிற்கால ஏற்பாடுகள் எல்லாவற்றையும் இந்த வரியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

இடமும் பொருத்தமானது. திருவிருந்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பதில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தர் ஸ்விங்ளியும் 1529-இல் உடன்பட முடியாமல் பிரிந்தது இதே மார்பர்க்கில்தான். சகோதரத்துவத்திலோ லுத்தரன் திருச்சபை, ஸ்விங்ளி–கால்வின் வழிவந்த திருச்சபை, இரண்டும் ஒன்றிணைந்த திருச்சபை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் ஒரே பீடத்தில் நற்கருணை பெறுகிறார்கள்.

பிரதான தூதனின் பெயர் எதற்கு?

செப்டம்பர் 29 மிகாவேல் மற்றும் சகல தூதர் திருநாள். லுத்தரன் நாட்காட்டி பல புனிதர் நாட்களைக் கைவிட்டபோதும் இதை விடவில்லை. மார்பர்க் கூட்டம் நடந்ததும் அந்தத் திருநாளை ஒட்டியே. அன்றைய வாசகங்களில் வெளிப்படுத்தின விசேஷம் 12:7–12 வரும்: வானத்தில் யுத்தம், வலுசர்ப்பத்தின் வீழ்ச்சி. 1931-இல் ஜெர்மனியில் வாழ்ந்தவர்களுக்குத் தீமை என்பது தனிமனிதப் பலவீனங்களின் கூட்டுத்தொகை மட்டுமே என்று தோன்றவில்லை. மக்கள் கூட்டங்களை ஆட்டிப்படைக்கும் வல்லமைகள் கண்முன்னே எழுந்துகொண்டிருந்தன. அவற்றோடு போராடுவதற்கான கருவி ஜெபம் என்ற உறுதியைத் தான் இந்தப் பெயர் சொல்கிறது. தூதரை நோக்கி ஜெபிப்பது இவர்கள் வழக்கம் அல்ல.

இதை ‘உயர்சபை’ இயக்கம் என்று சொல்லலாமா?

சடங்கு, நற்கருணை, வேளை ஜெபம், பாவ அறிக்கை ஆகியவற்றுக்குத் தரும் இடத்தைப் பார்த்தால் சொல்லலாம். வரலாற்றைப் பார்த்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் ஜெர்மனியில் அந்தப் பெயரோடு வேறோர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது.

சீர்திருத்தத்தின் 400-ஆம் ஆண்டான 1917-இல் ஹைன்ரிக் ஹான்சன் என்ற வடஜெர்மன் போதகர், லூத்தரின் 95 கூற்றுகளைப் போலவே 95 கூற்றுகளை வெளியிட்டார். சீர்திருத்தத் திருச்சபை தன் கத்தோலிக்கப் பாரம்பரியத்தை இழந்துவிட்டது என்பது அவர் முறையீடு. அதைத் தொடர்ந்து 1918 அக்டோபரில் பெர்லினில் உயர்சபைச் சங்கம் உருவானது. 1929 முதல் அதை வழிநடத்தியவர் பிரீட்ரிக் ஹைலர். கத்தோலிக்கராகப் பிறந்த அவர், 1919-இல் ஸ்வீடனின் வாட்ஸ்டெனாவில் லுத்தரன் நற்கருணை பெற்று இந்தப் பக்கம் வந்தவர், மார்பர்க்கில் பேராசிரியர். பேராயர் வழித்தொடர், அதாவது ஒரு பேராயர் அடுத்தவரை அபிஷேகம் செய்து அப்போஸ்தலர் காலம் தொட்டு வரும் அறுபடாத தொடர், அவருக்கு மிக முக்கியமாகப் பட்டது. 1930-இல் ரோமிலிருந்து பிரிந்த ஒரு பேராயரிடம் தாமே அபிஷேகம் பெற்றுக்கொண்டார்.

மிகாவேல் சகோதரர்கள் அந்த வழியில் போகவில்லை. வழித்தொடரைத் தேடிப் பெறுவதைவிட, இருக்கிற திருச்சபைக்குள் இருக்கிற அருட்பணியோடு ஜெப ஒழுங்கைப் புதுப்பிப்பதே முதல் வேலை என்றார்கள். இரண்டு அமைப்புகளும் ஒரே நகரத்தில் வேர் பிடித்தவை, ஒரே பொக்கிஷத்தைத் தேடியவை. இருந்தாலும் ஒன்றை மற்றொன்றின் கிளையாக எழுதுவது பிழை. இணையத்தில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது.

ரோமுக்குத் திரும்புவதற்கான பாதைதானே இது?

முதல் நாளிலிருந்தே எழுந்த குற்றச்சாட்டு. லுத்தரன் விசுவாச அறிக்கைகளைத் திறந்து பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. 1530-இன் அவுஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11-ஆம் பிரிவு, தனியாகப் பெறும் பாவமன்னிப்பு திருச்சபையில் நிலைக்க வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவு, பூசையை ஒழித்துவிட்டோம் என்ற பழி பொய், நாங்கள் அதை மிகுந்த பயபக்தியோடு நடத்துகிறோம் என்கிறது. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் எப்படித் தொடங்குகின்றன? சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளச் சொல்லித்தான். பிறகு முழங்காலிலோ நின்றோ விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும். இசையமைப்பாளர் பாக் வாழ்ந்த லைப்சிக்கில் 18-ஆம் நூற்றாண்டிலும் ஆலயங்களில் வார நாட்களில் ஜெபம் நடந்தது, திருநாட்களில் மரியாளின் பாட்டு லத்தீனிலும் ஒலித்தது.

இவையெல்லாம் போனதற்குக் காரணம் லூத்தர் அல்ல. உள்ளத்து அனுபவம் ஒன்றே போதும் என்ற பக்திநெறியும், புத்திக்கு எட்டாததைக் களைந்த பகுத்தறிவுவாதமும், ஆராதனையை அரசாணையால் ஒழுங்குபடுத்திய பிரஷ்ய மன்னரும் சேர்ந்து 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல அரித்துவிட்டார்கள். பவேரியாவின் நொய்யெண்டெட்டெல்சா ஊர்ப் போதகர் வில்ஹெல்ம் லோஹே போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மீட்கத் தொடங்கினார்கள். சகோதரத்துவம் அந்த வரிசையில் வருகிறது.

ஒழுங்கு என்ன கேட்கிறது?

1937-இல் எழுத்து வடிவம் பெற்ற ஒழுங்கு ஒரு சகோதரனிடம் சில காரியங்களைக் கேட்கிறது: தினமும் நேரம் குறித்து ஜெபிப்பது, நியமிக்கப்பட்ட வேதபகுதியை வாசித்துத் தியானிப்பது, நற்கருணையைத் தவறாமல் பெறுவது, பாவ அறிக்கை செய்வது, மற்றச் சகோதரர்களைப் பெயர் சொல்லி ஜெபத்தில் தாங்குவது, வட்டாரக் கூட்டத்துக்கு வருவது, வருமானத்தில் ஒரு பகுதியைக் காணிக்கையாகக் கொடுப்பது.

பட்டியலாகப் பார்த்தால் நல்ல கிறிஸ்தவர் எவரும் செய்வதுதானே என்று தோன்றும். வேறுபாடு கடமையில் இருக்கிறது. மனம் வந்தால் ஜெபிப்பது ஒன்று, இந்த நேரத்தில் ஜெபிப்பேன் என்று சகோதரர்கள் முன் சொல்லிவிட்டு ஜெபிப்பது வேறு. மனம் வறண்ட மாதங்களில் முதல் வகை நின்றுவிடும். இரண்டாவது வகையில் வார்த்தைகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன, வேறோர் ஊரில் இன்னொருவர் அதே சங்கீதத்தைச் சொல்கிறார் என்பதும் தெரியும்.

‘உதவியாளர்’ என்பவர் யார்?

ஒவ்வொரு சகோதரனுக்கும் இன்னொரு சகோதரன் உதவியாளராக இருப்பார். மேலதிகாரி அல்ல. ஒழுங்கை எப்படிக் கடைப்பிடிக்கிறாய், எங்கே சறுக்குகிறாய், எதைக் குறைக்க வேண்டும் என்று நேரில் உட்கார்ந்து கேட்பவர். குறைப்பதும் அவர் வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாக வருபவர் நான்கு வேளை ஜெபத்தையும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டு, சில வாரங்களில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது எல்லா ஜெபக் குழுக்களிலும் நடப்பது. மாலை ஒரு வேளையை மட்டும் ஓர் ஆண்டு விடாமல் பிடித்துக்கொள் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த ஆள் தப்புவார்.

வேளை ஜெபம் எப்படி நடக்கும்? ஒரு மாலை ஜெபத்தைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு வேளைகள். சகோதரத்துவம் இதற்காகவே ‘எவாங்கெலிஷஸ் டாகட்சைட்டன்பூஹ்’ என்ற ஜெபநூலை வெளியிட்டு, பல பதிப்புகளாகத் திருத்திவருகிறது. சங்கீதங்களுக்குக் கிரகோரிய இசைக்குறிப்பு உள்ள நூல் அது. மாலை ஜெபத்துக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும்.

இரண்டு மூன்று நிமிட மௌனத்தோடு ஆரம்பம். பிறகு நடத்துபவர் சங்கீதம் 70-இன் முதல் வசனத்தைச் சொல்ல, எல்லோரும் மறுமொழி சொல்லி, ‘பிதாவுக்கும் குமாரனுக்கும்’ என்ற துதியைச் சேர்ப்பார்கள். அடுத்துச் சங்கீதம். அதற்கு முன்னும் பின்னும் ஒரு சிறு பல்லவி வசனம் வரும். நாளுக்கும் காலத்துக்கும் ஏற்ப அது மாறும். கூடியிருப்பவர்கள் எதிரெதிராக இரண்டு வரிசையாக நின்று அல்லது உட்கார்ந்து, ஒரு வசனத்தை ஒரு வரிசையும் அடுத்ததை மறு வரிசையும் பாடுவார்கள். சங்கீதம் முடிந்ததும் வேதவாசிப்பு. ஐந்தாறு வசனம் போதும். மௌனம். சிறு மறுமொழிப் பாட்டு, ஞானப்பாட்டு. பிறகு எல்லோரும் எழுந்து மரியாளின் பாட்டு (லூக்கா 1:46–55). அதுவே மாலை ஜெபத்தின் உச்சம். தொடர்ந்து ‘கர்த்தாவே இரங்கும்’, கர்த்தருடைய ஜெபம், வேண்டுதல்கள், அன்றைய சுருக்க ஜெபம், ஆசீர்வாதம்.

காலையில் மரியாளின் பாட்டின் இடத்தில் சகரியாவின் பாட்டு (லூக்கா 1:68–79), இரவில் சிமியோனின் பாட்டு (லூக்கா 2:29–32) வரும். இரவு ஜெபத்தின் சங்கீதங்கள் பழைய வழக்கப்படி 4, 91, 134. அவை மாறுவதில்லை. அதனால் சில மாதங்களில் மனப்பாடமாகி, விளக்கில்லாமலும் நோய்ப்படுக்கையிலும் சொல்ல முடிகிறது.

சிறு குழுவில் இதைச் செய்யும்போது எங்கே கெடுகிறது?

பெரும்பாலும் சங்கீதத்தில்தான். ஒவ்வொரு வசனமும் இரண்டு பாதியாகப் பிரியும். முதல் பாதி முடிந்ததும் ஒரு மூச்சு முழுமையாக நிறுத்த வேண்டும். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரு வரிசை முடித்த உடனே மறு வரிசை எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: நடுவில் ஓடிவிட்டு வசன முடிவில் நிற்பார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வசனமும் முந்தையதைவிட வேகமாகும், பத்தாவது வசனத்தில் சங்கீதம் ஒப்பிக்கிற பாடமாகிவிடும். நடு மூச்சுதான் ஜெபிக்கிற இடம். அதைக் காப்பாற்ற ஒரே வழி, ஒவ்வொரு வரிசையிலும் ஒருவரை மூச்சுக்குப் பொறுப்பாக வைத்து, மற்றவர்கள் அவரைக் கேட்டு எடுப்பது.

சுருதி இறங்குவது அடுத்த சிக்கல். ஒரே சுரத்தில் நீண்ட வரியைச் சொல்லும்போது, உரக்கப் பாடுபவர்களால்தான் அது இறங்கும். பக்கத்தில் உள்ளவரின் குரல் காதில் விழும் அளவுக்குத் தாழ்த்திப் பாடினால் நிற்கும். ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் பாட வேண்டாம், ஒரே சீராகச் சொல்லுங்கள். இரண்டு பேர் என்றாலும் வரிசை மாற்றிச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு, இது நல்லெண்ணத்தால் வருவது. வேண்டுதல் நேரத்தில் ஒருவர் சொந்த வார்த்தையில் நீண்ட ஜெபம் செய்வார், அடுத்தவரும் செய்வார், 20 நிமிட ஜெபம் முக்கால் மணி ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் மறுவாரம் வர மாட்டார்கள். பெயரும் காரியமும் ஒரே வரியில் சொல்லி, எல்லோரும் ‘கர்த்தாவே, கேட்டருளும்’ என்பதோடு நிறுத்துங்கள். விளக்கவுரையும் வேண்டாம், வேளை ஜெபத்தில் பிரசங்கம் கிடையாது.

லுத்தரன்களுக்குத் தனிப் பாவ அறிக்கை உண்டா?

உண்டு, ஞானோபதேசத்திலேயே அதற்கான முறை இருக்கிறது. வருபவர் பத்துக் கட்டளைகளின் வெளிச்சத்தில் தன்னைச் சோதித்துக்கொண்டு வருகிறார். மண்டியிட்டு, மனத்தை அழுத்துகிற பாவங்களைச் சொல்கிறார். குருவானவர், ‘என் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறாயா?’ என்று கேட்கிறார். ஆம் என்றதும் தலைமேல் கை வைத்துப் பாவமன்னிப்பைக் கூறி, சமாதானத்தோடு அனுப்புகிறார். கேட்டது எதுவும் வெளியே போகாது. குருவானவரை அதற்கு அருட்பொழிவு வாக்குறுதியே கட்டுகிறது.

எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அவுஸ்பர்க் அறிக்கை அதைத் தெளிவாக விலக்குகிறது, ஏனென்றால் எண்ணத் தொடங்கினால் மன்னிப்பின் நிச்சயம் எண்ணிக்கையின் மேல் போய் நின்றுவிடும். பாவ அறிக்கை கெட்டுப்போகும் வழிகளில் அதிகம் காணப்படுவது, அது ஆலோசனைப் பேச்சாக மாறுவது. சூழ்நிலையை விவரித்து, மனைவி செய்தது, அதிகாரி சொன்னது என்று போனால், கடைசியில் மன்னிக்க வேண்டிய பாவம் எது என்பதே தெரியாது. ஆலோசனை தேவையென்றால் அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நற்கருணை முறையில் சர்ச்சை என்ன?

நன்றிப் பெருஜெபத்தைப் பற்றியது. பழைய லத்தீன் பூசையில் அப்பத்தையும் ரசத்தையும் சுற்றி ஒரு நீண்ட ஜெபம் இருந்தது. கிறிஸ்துவை மறுபடி பலியிடுவதுபோல அதன் வார்த்தைகள் ஒலிக்கின்றன என்று லூத்தர் 1523-இல் அதை வெட்டினார், 1526-இன் ஜெர்மன் பூசையில் இன்னும் சுருக்கினார். மிஞ்சியவை ஏறக்குறைய நியமன வார்த்தைகள் (‘இது என் சரீரம்’ எனக் கிறிஸ்து சொன்னவை) மட்டுமே. ரிட்டரும் அவர் நண்பர்களும் அந்த ஜெபத்தைச் சீர்திருத்த விசுவாசத்துக்கு ஏற்ற வடிவில் மீட்டார்கள்: படைப்புக்கும் மீட்புக்கும் நன்றி, நியமன வார்த்தைகள், கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் நினைவுகூர்தல், பரிசுத்த ஆவியை வேண்டுதல். 1961-இல் ரிட்டர் இதை நூலாகவும் தந்தார்.

எதிர்த்தவர்கள் சொன்னது: நியமன வார்த்தைகள் மக்களுக்குத் தேவன் அறிவிக்கும் நற்செய்தி, அவற்றை மனிதர் தேவனிடம் சொல்லும் ஜெபத்துக்குள் வைத்தால் திசை மாறிவிடும். இது பொருட்படுத்தத்தக்க வாதம். ஆனால் அவுஸ்பர்க் அறிக்கைக்கு லூத்தரின் உடன்பணியாளர் மெலாங்க்தன் எழுதிய விளக்கமே பாவநிவாரண பலியையும் ஸ்தோத்திர பலியையும் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது கிறிஸ்து ஒருவரே செய்தது, இரண்டாவது திருச்சபை என்றும் செய்ய வேண்டியது. நன்றிப் பெருஜெபம் அந்த இரண்டாவது வகை. இன்று ஜெர்மன் லுத்தரன் ஆராதனை நூல்களில் இந்த ஜெபமும் ஒரு தெரிவாக இருக்கிறது.

வெள்ளை அங்கி கத்தோலிக்கம், கறுப்பு அங்கி லுத்தரன். சரியா?

சரியில்லை. கறுப்பு அங்கியை 1811-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ஆணையிட்டுக் கட்டாயமாக்கினார். அந்த ஆணை குருமாருக்கும் நீதிபதிகளுக்கும் யூத ரபிமாருக்கும் சேர்த்தே வந்தது. வெள்ளை அங்கி ஞானஸ்நான உடையிலிருந்து வந்தது. லுத்தரன் ஸ்வீடன் அதை ஒருபோதும் விடவில்லை.

‘குவாட்டெம்பர்’ என்ற பெயர் அடிக்கடி வருகிறதே?

சகோதரத்துவத்தோடு தொடர்புடைய காலாண்டிதழின் பெயர் அது. ஆண்டுக்கு நான்கு முறை வரும் பழைய உபவாச நாட்களிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு முறையும் புதன், வெள்ளி, சனி. கணக்கு இப்படி: லெந்துகாலத்தின் முதல் ஞாயிறுக்குப் பின், பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பின், செப்டம்பர் 14 சிலுவைத் திருநாளுக்குப் பின், டிசம்பர் 13 லூசியா நாளுக்குப் பின் வரும் புதனிலிருந்து தொடங்கும். டிசம்பர் 13 புதன்கிழமையே ஆனால் அன்றைக்கு இல்லை. அடுத்த புதன், அதாவது 20-ஆம் தேதி. செப்டம்பர் கணக்கிலும் இதே விதி. காலாண்டுக்கு ஒருமுறை நின்று, தன்னைச் சோதித்து, அருட்பணிக்கு வருபவர்களுக்காக ஜெபிக்கும் நாட்கள் இவை.

நாசி ஆட்சியில் இவர்கள் என்ன செய்தார்கள்?

சகோதரர் அனைவருக்கும் ஒரே நிலைப்பாடு இருக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. பலர் நாசிக் கொள்கைக்கு எதிராக எழுந்த அறிக்கைத் திருச்சபையோடு நின்றார்கள். பொதுநிலைச் சகோதரரான தியோடர் ஸ்டெல்ட்சர், ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனியைத் திட்டமிட்ட கிரைசாவ் வட்டத்தில் இருந்தார். 1944-இல் கைதானார், 1945 ஜனவரியில் மரணதண்டனை விதிக்கப்பட்டது, நிறைவேறும் முன் விடுதலையானார். போருக்குப் பின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அவர்தான். ஸ்டேலின் 1945 முதல் 1952 வரை ஓல்டன்பர்க் பேராயராக இருந்தார். 1946-இல் பாடர்போர்ன் கத்தோலிக்கப் பேராயர் லோரன்ஸ் யேகருடன் சேர்ந்து அவர் தொடங்கிய இறையியல் வட்டம், இரு திருச்சபைகளின் அறிஞர்கள் ஒழுங்காக உட்கார்ந்து பேசும் வழக்கத்தை அங்கே உண்டாக்கியது.

பெண்கள் சேரலாமா?

சகோதரத்துவம் ஆண்களுக்கானது. அதே மரபில் ‘பெர்நாய்ஹன் ஊழியம்’ என்ற சமூகம் பெண்களையும் ஆண்களையும் தம்பதியரையும் சேர்த்துக்கொள்கிறது. புனித மிகாவேல் சமூகம் மூன்றாவது. மூன்றும் ஒரே ஜெபமரபில் ஒன்றாக உழைக்கின்றன.

இவர்களை எங்கே பார்க்கலாம்?

தென்ஜெர்மனியில், நெக்கார் ஆற்றங்கரைச் சுல்ட்ஸ் நகருக்கு அருகே உள்ள கிர்ஷ்பெர்க் மடத்தில். 13-ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் கன்னியருக்காக எழுந்த அந்த மடம் 1958 முதல் பெர்நாய்ஹன் இல்லமாக இருக்கிறது. விருந்தினர் தங்கலாம், வேளை ஜெபங்களில் கலந்துகொள்ளலாம். முதல் நாள் பாடாமல் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. ஒரு நாளின் நான்கு ஜெபங்களையும் கேட்டுவிட்டால் நடு மூச்சின் அளவு காதுக்குப் பிடிபடும்.

பேராயர் வழித்தொடர் பற்றிச் சொன்னீர்களே, தரங்கம்பாடிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

மிகாவேல் சகோதரத்துவம் வழியாக இல்லை, ஸ்வீடன் வழியாக உண்டு. வாட்ஸ்டெனாவில் இருந்த பிரிகித்தா மடத்தின் துறவி பேத்ருஸ் மாக்னி 1524-இல் ரோமில் வெஸ்டெரோஸ் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவரே ஸ்வீடனில் அடுத்த பேராயர்களை அபிஷேகம் செய்ய, 1531-இல் லுத்தரன் தலைமைப் பேராயரான லவுரென்டியுஸ் பேத்ரி வரை அந்தத் தொடர் அறுபடாமல் வந்தது. தரங்கம்பாடிப் பேராயரைத் தலைவராகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் அமைந்தபின், 1921-இல் எர்ன்ஸ்ட் ஹூமன் அதன் முதல் பேராயராக ஸ்வீடன் மரபில் அபிஷேகம் பெற்றார். 1956-இல் அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் தமிழர் ராஜா மாணிக்கம். ஜெர்மன் உயர்சபையினர் தேடி அலைந்த ஒன்று, தரங்கம்பாடிப் பேராயத்துக்கு ஆரவாரமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

சேர விரும்புபவர் என்ன செய்ய வேண்டும்?

ஞானஸ்நானம் பெற்று, தன் திருச்சபையில் உயிரோட்டமான அங்கத்தினராக இருக்க வேண்டும். வட்டாரக் கூட்டத்துக்கு விருந்தினராகச் சென்று பழகுவது முதல் படி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இந்தக் கூட்டங்கள் உண்டு. இரு பக்கமும் ஒத்துவந்தால் தகுதிகாண் காலம். அப்போதே ஓர் உதவியாளர் கிடைப்பார். அதன் முடிவில் நற்கருணை ஆராதனையில் வாக்குக் கொடுத்துச் சேர்கிறார்கள்.

தன் ஊர்ச் சபையில் மனக்கசப்பு கொண்டு, அதற்கு மாற்றாக இதைத் தேடி வருபவர்களைத் திருப்பி அனுப்புவதே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தன் சபையின் திருவிருந்தில் மனமார நிற்க முடியாதவருக்கு இந்த ஒழுங்கில் செய்ய எதுவும் இல்லை.